பெண்கள் கட்சி: தனி மேடை கண்ட இசைக்குழுக்கள்

(சேவூரில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

திருவையாற்றில் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதிமேல் இன்று நிற்கும் கோயிலைத் தன் கைப்பொருளைப் போட்டு எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1921இல் அடிக்கல், 1925இல் குடமுழுக்கு. ஆண்டுதோறும் அங்கே நடந்த ஆராதனை, பெரிய கட்சி, சின்ன கட்சி என்ற இரண்டு தரப்பு வித்வான்களின் கையில் இருந்தது. இரண்டு கட்சிக்கும் இடையே நெடுங்காலப் பிணக்கு. ஆனால் பெண்கள் அங்கே பாடக்கூடாது என்பதில் இரண்டு கட்சிக்கும் ஒரே முடிவுதான். கோயிலைக் கட்டியவருக்கே அந்த முடிவு பொருந்தும் என்றார்கள்.

நாகரத்தினம்மாள் கேட்டுப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. 1927இல் அதே சமாதிக்குப் பின்புறம் பெண்களைக் கூட்டித் தனியாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். வந்து பாடியவர்களில் பெரும்பாலோர் அவரைப்போலவே தேவதாசி மரபில் பிறந்து, இசையைப் பிழைப்பாகவும் கல்வியாகவும் கொண்டவர்கள். அந்தக் கூட்டத்துக்குப் ‘பெண்கள் கட்சி’ என்று பெயர் நிலைத்தது. 1940இல் மூன்று கட்சிகளும் இணைந்தன. அதற்குப் பிறகுதான் அந்தச் சந்நிதியில் ஆணும் பெண்ணும் ஒரே ஆராதனையில் பாடினார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெண்கள் தனியாகத்தான் பாட வேண்டும் என்று நாகரத்தினம்மாள் எங்கும் வாதிடவில்லை. கூட உட்கார விடாததால் தனியாக உட்கார்ந்தார். சேர்த்துக்கொண்டதும் தனிக்கட்சி கலைந்தது. பெண்கள் மட்டுமே கொண்ட இசைக்குழு உலகில் எங்கே தோன்றியிருந்தாலும், அதன் பிறப்பைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி ஒரு மூடிய கதவு தென்படும். அப்படிப் பிறந்த குழுக்களைப் பற்றி நம்மிடம் மிஞ்சியிருக்கும் நினைவோ மிகவும் ஓரவஞ்சனையானது. அவர்கள் எப்படி இருந்தார்கள், என்ன உடுத்தினார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. எப்படி வாசித்தார்கள் என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

திருவையாற்றில் பெண்கள் கட்சி நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் பெண்கள் மட்டுமே வாசித்த ஜாஸ் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜாஸில் ‘ஸ்விங்’ என்று ஒரு காலகட்டம். 1930களின் நடுவில் தொடங்கி இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அமெரிக்காவின் நடனக்கூடங்களை அதுதான் ஆண்டது. அதன் நடையை நம் தாளக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். ஓர் அட்சரத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு சுரங்களையும் ஒரே அளவில் வாசித்தால் நேர்நடை. அதே அட்சரத்தை மூன்றாகப் பிரித்து, முதல் சுரத்துக்கு இரண்டு பங்கும் அடுத்ததற்கு ஒரு பங்கும் கொடுத்தால் திஸ்ரத்தின் சாயல் வந்துவிடும். நடை சாய்ந்து சாய்ந்து போகும். அந்தச் சாய்வுதான் ஸ்விங். குழுவோ பெரிது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் என்று மூன்று வரிசை ஊதுவாத்தியங்கள். அவற்றைத் தாங்கப் பியானோ, பாஸ், கிட்டார், டிரம்ஸ். மொத்தம் பதினைந்து பதினாறு பேர். நம் கல்யாண பேண்டு செட்டிலும் இந்தக் கருவிகளில் பலவற்றைப் பார்க்கலாம். கத்ரி கோபால்நாத் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்த சாக்ஸஃபோன், உலக அளவில் ஜாஸால்தான் பெயர்பெற்றது.

அந்த இசையில் பெண்களுக்கு எதெல்லாம் அனுமதி என்று பார்த்தால் நம் ஊர்க் கணக்கும் அவர்கள் ஊர்க் கணக்கும் வியக்கும்படி ஒத்துப்போகின்றன. அங்கே பெண் பாடலாம், பியானோ வாசிக்கலாம். லில் ஹார்டின், மேரி லூ வில்லியம்ஸ் போன்ற பியானோ மேதைகளை ஆண்களின் குழுக்களே ஏற்றுக்கொண்டிருந்தன. டிரம்பெட்டும் டிராம்போனும் டிரம்ஸும் மட்டும் ஆணுக்கு உரியவை. இங்கே பெண் பாடலாம், வீணை வாசிக்கலாம். வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே காத்திருந்தார்கள். வயலினும் பெண் கைக்கு வந்தது. மிருதங்கம், கடம், நாகசுரம், தவில் என்றால் கதவு அடைத்துவிடும். ஊதினால் கன்னம் உப்பும், அடித்தால் கை முரடாகும், பார்க்க லட்சணமாக இருக்காது என்று இரண்டு நாட்டிலும் ஒரே காரணம் சொன்னார்கள். லட்சணம் என்பது கண்ணுக்கு உரிய அளவுகோல். காதுக்கு உரிய இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்ததுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர்.

இந்தியாவுக்கு வந்த ஜாஸும் அந்த வழக்கத்தைச் சுமந்துதான் வந்தது. 1930களில் பம்பாய் தாஜ் ஓட்டலில் லியான் ஆபி, டெடி வெதர்ஃபோர்டு போன்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள். கோவாவிலிருந்து வந்த இசைக்கலைஞர்கள் அந்தக் கலையைக் கற்று இந்தி சினிமாவரை கொண்டுசேர்த்தார்கள். அந்த உலகில் நினைவில் நிற்கும் பெண்கள் பம்பாயின் லோர்னா கோர்டேரோ, கல்கத்தாவின் பேம் கிரெய்ன் போன்ற பாடகிகள். சென்னை மவுண்ட் ரோடில் சபையர் தியேட்டர் வளாகத்து ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில், 1960களின் கடைசியில், புடவை கட்டிக்கொண்டு பாடத் தொடங்கிய உஷா உதூப்பும் பாடகிதான். மைக்குக்கு முன்னால் பெண்ணுக்கு இடம் இருந்தது. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த வாத்திய வரிசையில் இல்லை.

1938 பிப்ரவரியில் அமெரிக்காவின் முன்னணி ஜாஸ் பத்திரிகையான ‘டவுன் பீட்’, பெண் வாத்தியக்காரர்கள் ஏன் மட்டமானவர்கள் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் பெயர் போடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் சொந்தக் குழு நடத்திக்கொண்டிருந்த சாக்ஸஃபோன் கலைஞர் பெக்கி கில்பர்ட் அதற்குப் பதில் எழுதினார். திறமையைப் பார்த்து எங்களை யாரும் அமர்த்துவதில்லை, தோற்றத்துக்காக அமர்த்துகிறார்கள், சாக்ஸஃபோனை வாயில் வைத்துக்கொண்டே சிரித்த முகமாக இருக்கச் சொல்கிறார்கள், பிறகு வாசிப்பு சரியில்லை என்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஊதுவாத்தியத்தில் உதடுதான் சுருதி. உதட்டைச் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டால் சுரம் எங்கிருந்து வரும்? இந்த எளிய உண்மையை ஒரு வித்வானுக்கு விளக்கவே தேவையில்லை. கில்பர்ட்டுக்கோ பத்திரிகையில் எழுதி விளக்க வேண்டியிருந்தது. 1905இல் பிறந்த பெக்கி கில்பர்ட் தம் அறுபதுகளின் கடைசியில் ‘டிக்சி பெல்ஸ்’ என்ற மூத்த பெண்களின் குழுவைத் தொடங்கினார். நூறு வயதைத் தாண்டி 2007இல் மறைந்தார்.

அந்தக் காலக் குழுக்களில் ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்ற குழுவின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் பைனி வுட்ஸ் என்ற பள்ளி. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் ஜோன்ஸ் நடத்தியது. பள்ளிக்குப் பணம் திரட்டுவது எப்போதும் பெரும்பாடு. இனா ரே ஹட்டன் என்பவர் ‘மெலோடியர்ஸ்’ என்ற வெள்ளையினப் பெண்கள் குழுவை நடத்திப் புகழ்பெற்றிருந்ததைப் பார்த்த ஜோன்ஸ், 1930களின் கடைசியில் தம் பள்ளி மாணவியரைக் கொண்டே ஒரு ஸ்விங் குழுவை அமைத்தார். கறுப்பினத்தாரோடு சீன, மெக்சிக, அமெரிக்கப் பூர்வகுடி வழிவந்தவர்களும் அதில் இருந்ததால் ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல் பெயரில் சேர்ந்தது. டிராம்போன் வாசித்த ஹெலன் ஜோன்ஸ், லாரன்ஸ் ஜோன்ஸின் வளர்ப்பு மகள்.

அந்தப் பிள்ளைகள் இரவெல்லாம் வாசித்துச் சம்பாதித்தது பள்ளிக்குப் போனது. படிப்பு பின்தங்கியது. 1941இல் குழு பள்ளியை விட்டே வெளியேறி, வாஷிங்டனுக்கு அருகே ஆர்லிங்டனில் குடியேறித் தொழில்முறைக் குழுவாயிற்று. ஆனா மே வின்பர்ன் தலைமை ஏற்றார். எர்னஸ்டின் ‘டைனி’ டேவிஸ் டிரம்பெட்டுக்கும், வயோலா பர்ன்சைடு டெனர் சாக்ஸஃபோனுக்கும், பாலின் பிராடி டிரம்ஸுக்கும் பேர்போனவர்கள். வாஷிங்டன் ஹோவர்டு அரங்கில் ஒரே வாரத்தில் 35,000 பேர் வந்து கேட்டதாகக் கணக்கு. கறுப்பினத்தார் குடியிருப்புகளில் அவர்களுக்கு இருந்த செல்வாக்கு அப்படி. வெள்ளையினப் பத்திரிகைகளின் வாசகர்களில் மிகப் பலருக்கு அவர்கள் பெயரே தெரியாது.

அமெரிக்கத் தெற்கில் நிறப்பிரிவினைச் சட்டம் நடந்த காலம். ஓட்டலில் அறை கிடையாது, உணவு விடுதியில் தட்டு கிடையாது. ஆகவே பேருந்துக்குள்ளேயே படுக்கைகள் அடித்துக்கொண்டு, அதிலேயே தூங்கி, அதிலேயே உடைமாற்றி ஊர் ஊராகப் போனார்கள். 1943இல் ராஸ் கிரான் என்ற வெள்ளையின சாக்ஸஃபோன் கலைஞர் சேர்ந்தபோது இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது. இரண்டு நிறத்தார் ஒன்றாகப் பயணிப்பதும் ஒரே மேடையில் வாசிப்பதும் அங்கே குற்றம். போலீஸ் வந்து எட்டிப் பார்க்கும் என்பதால் ராஸ் கிரான் முகத்தில் கருமை பூசிக்கொண்டு மேடையேறினார். அப்படியும் ஒருமுறை சிறைக்குப் போனார். 1945இல் ஐரோப்பாவில் இருந்த கறுப்பினச் சிப்பாய்கள் அவர்களைக் கேட்க வேண்டுமென்று கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் குழு சுற்றி வந்தது.

1949இல் எல்லாம் முடிந்தது. வணிக நிறுவனங்கள் அவர்களை வைத்து வெளியிட்ட இசைத்தட்டுகள் மிகச் சில. படைவீரர்களுக்கான வானொலி நிகழ்ச்சிக்காகப் பதிவானவை தப்பியதால்தான் அவர்கள் வாசிப்பை இன்று ஓரளவு கேட்க முடிகிறது. 1980இல் கன்சாஸ் சிட்டி பெண்கள் ஜாஸ் விழாவில் முதுமையடைந்த அந்தக் கலைஞர்களைக் கூட்டிக் கௌரவித்தார்கள். அதற்குப் பிறகே ஆவணப்படமும் ஆய்வு நூல்களும் வந்தன. போரில் ஆண்கள் போனதால் வந்தவர்கள், ஆண்கள் திரும்பியதும் போய்விட்டவர்கள் என்று இந்தக் குழுக்களை ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் உண்டு. ஷெரி டக்கர் 2000இல் எழுதிய ‘ஸ்விங் ஷிஃப்ட்’ நூல் அதை மறுக்கிறது: போருக்கு முன்பும் அவர்கள் இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஐவி பென்சன் 1939 வாக்கில் தொடங்கிய பெண்கள் குழுவை பி.பி.சி. 1943இல் தன் நிலையக் குழுவாக அமர்த்தியபோது ஆண் குழுத் தலைவர்கள் கொதித்தார்கள். பென்சன் அசரவில்லை, அந்தக் குழு 1980கள்வரை வாசித்தது. போர்க்கால மாற்று ஆள் யாரும் நாற்பது ஆண்டு வேலை பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், நாகரத்தினம்மாளுக்கும் முன்பே ஒரு பெண் தனிக்குழு கட்டி ஆண்டிருக்கிறார். கும்பகோணம் பாலாமணி அம்மாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவர் நடத்திய நாடகக் கம்பெனியில் நடித்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண் வேடமும் பெண்களே. அக்கால நாடகம் என்றால் பெரும்பகுதி பாட்டுத்தான். இரவு நாடகம் பார்க்கத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் கும்பகோணத்துக்குச் சிறப்பு ரயில் ஓடியது. அதை ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே சொன்னார்கள். அத்தனை பெண்களுக்குச் சோறுபோட்ட ஒரு தொழிலை, ஆண் முதலாளி இல்லாமல் ஒரு பெண் நடத்திக் காட்டிய சாதனை அது. ‘தாரா சசாங்கம்’ நாடகத்தில் அவர் உடுத்திய மெல்லிய உடையைப் பற்றி மட்டும் இன்றும் பேசுகிறார்கள். எந்த ராகத்தில் பாடினார், பாட்டு எப்படி இருந்தது என்று சொல்வார் இல்லை. பின்னாளில் வறுமையில் மதுரையில் காலம் கழித்து மறைந்தார் என்பதையும் அதே மூச்சில் சேர்த்து ஒரு நீதிக்கதையாக்கிவிடுகிறார்கள். இது பாலாமணிக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பெண்ணுக்கு மூடியிருந்த வாத்தியங்களில் முதலில் கை வைத்தவர்கள் குழுவாக வரவில்லை. ஒற்றை ஆளாக வந்தார்கள். புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் 1910இல் பிறந்த ரங்கநாயகி அம்மாள், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்றார். தட்சிணாமூர்த்திப் பிள்ளை யார்? கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமூண்டியா பிள்ளையின் சீடர். லயத்தில் ஒரு தலைமுறைக்கே ஆசான். அந்தப் பெரியவரே ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தார் என்றால் கைக்கு ஆண் பெண் கிடையாது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்திருக்காது. கச்சேரி உலகம் அவர் அளவுக்கு வளர நாளாயிற்று. பாலக்காடு மணி ஐயர் போன்ற மாமேதைகூட நெடுங்காலம் பெண்களின் கச்சேரிக்கு வாசிக்காமல் இருந்து, பிற்காலத்தில்தான் டி.கே. பட்டம்மாளுக்காக அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டார்.

நாகசுரத்தில் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய். பழனி வட்டாரத்து ஆயக்குடியில் பிறந்து, பெண்கள் தொட்டறியாத பெரிய மேளத்தைச் சிறுவயதிலேயே கையில் எடுத்தவர். நாகசுரத்துக்கு மூச்சுத்தான் மூலதனம். சுவாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே, நின்றுகொண்டே மணிக்கணக்கில் ஊத வேண்டும். அதையெல்லாம் செய்து, மதுரையில் பேர் சொல்லும் வித்வானாக விளங்கினார். கணவர் மறைந்தபின் நிலைமை மாறிவிட்டது. மங்கல வாத்தியத்தைக் கைம்பெண் வாசிப்பதா என்ற ஊர் வழக்கம் அவர் வாசிப்பை நிறுத்திவிட்டது. ஆண் வித்வான் ஒருவருக்கு மனைவி இறந்தால் நாகசுரத்தைக் கீழே வைக்கச் சொல்வார் உண்டா? பொன்னுத்தாய் 2012இல் மறைந்தார். அவர் வாசிக்காமல் போன அந்த ஆண்டுகளைத் தமிழ் இசையின் இழப்பாகத்தான் கணக்கில் எழுத வேண்டும். இன்று ஷேக் மகபூப் சுபானியும் அவர் மனைவி காலிஷாபி மகபூப்பும் இணையாக உட்கார்ந்து நாகசுரம் வாசிக்கிறார்கள். 2020இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

தனி ஆளாக நுழைந்த பெண் பிறகு குழு கட்டிய கதைக்குச் சுகன்யா ராம்கோபாலைப் போல இன்னொருவரைச் சொல்ல முடியாது. மயிலாடுதுறையில் பிறந்து சென்னை திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அங்கே விக்கு விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா நடத்திய தாளவாத்தியப் பள்ளி. விநாயக்ராமின் தம்பி குருமூர்த்தியிடம் வயலின் கற்கப் போன பெண்ணுக்குப் பக்கத்து அறையிலிருந்து வந்த தாளம்தான் காதில் நின்றது. மிருதங்கம் கற்றார், பிறகு கடம் வேண்டும் என்றார். கடம் கெட்டி மண்; பெண் விரல் தாங்காது என்று விநாயக்ராம் தயங்கினார். கற்க விரும்புகிறவள் கற்கட்டும் என்று ஹரிஹர சர்மா தாமே கற்றுக்கொடுக்க முன்வந்தார். 1970களில் விநாயக்ராம், ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவில் சேர்ந்து கடத்தின் ஒலியை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார். அதே பாணியைக் கற்ற பெண்ணுக்குச் சொந்த ஊர்ச் சபாவில் இடம் கிடைப்பது கடினமாக இருந்தது. பெண் கடம் வாசிக்கும் கச்சேரியில் நான் உட்காரமாட்டேன் என்று மூத்த மிருதங்க வித்வான் ஒருவர் சொல்லிவிட, மேடைவரை போய்த் திரும்பிய அனுபவத்தைச் சுகன்யாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அப்புறம்தான் அவர் குழு கட்டினார். பெங்களூரில் குடியேறிய சுகன்யா 1995இல் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ என்ற பெண்கள் குழுவை அமைத்தார். கடம், மிருதங்கம், மோர்சிங், வீணை என எல்லாமே பெண்கள் கையில். பாட்டுக்குப் பக்கத்துணையாகத் தனி ஆவர்த்தனத்தின் சில நிமிடங்களுக்குக் காத்திருக்கும் கடத்தை அவர் கச்சேரியின் நடுவில் வைத்தார். வெவ்வேறு சுருதியுள்ள ஆறேழு கடங்களை அரைவட்டமாக அடுக்கி, அவற்றில் ராகத்தையே வாசிக்கும் ‘கட தரங்’ அவருடைய தனிப்பெரும் ஆக்கம். இதைப் பெண்கள் குழுவின் சாதனை என்பதோடு நிறுத்தக்கூடாது. கடம் என்ற வாத்தியத்தின் எல்லையையே அது நகர்த்தியது. 2014க்கான சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது.

கடத்தைப் பேசும்போது மானாமதுரையைச் சொல்லாமல் போவது முறையல்ல. நல்ல கடம் என்றால் மானாமதுரைக் கடம். சக்கரத்தில் வனைந்த பானையின் சுவரை, உள்ளே ஒரு கையால் தாங்கிக்கொண்டு வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தட்டு தட்டி இறுக்கினால்தான் சுவர் சீராகி நாதம் பிறக்கும். தலைமுறைகளாக இதைச் செய்துவரும் குடும்பத்தில் அந்தத் தட்டும் வேலையில் கைதேர்ந்தவர் மீனாட்சி. அவருக்கும் சங்கீத நாடக அகாதமி விருது உண்டு. மண்ணுக்கு நாதம் ஏற்றும் கை பெண்ணுடையதாக இருக்கலாம். அந்த நாதத்தை எழுப்பும் கை மட்டும் ஆணுடையதாக இருக்க வேண்டும் என்று எத்தனை ஆண்டு நம்பியிருக்கிறோம்!

நெசவு ஊரான சேவூரில் இது எவருக்கும் புதிய செய்தியாக இராது. தறிவீட்டில் தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, அறுந்த இழையை முடிவது என்று புடவையின் பாதி வேலை பெண் கையில் நடக்கிறது. கூலிக் கணக்கோ தறியில் உட்கார்ந்தவர் பெயரில் எழுதப்படுகிறது. பெண்ணே தறியில் உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்யும் வீடுகளிலும் ‘வீட்டில் உதவி செய்கிறார்’ என்றுதான் கேட்கிறவர்களுக்குப் பதில் கிடைக்கும்.

வாத்தியத்தில் பெண் என்ற தடையோடு சாதி என்ற தடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. 1990இல் அருட்சகோதரி சந்திரா அங்கே தொடங்கிய ‘சக்தி’ கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. சாவு மேளம் என்று ஒதுக்கி, அடிப்பவரையும் ஒதுக்கிய கருவி அது. அடிக்கிற சாதிக்குள்ளேயே பெண் அதைத் தொடுவது வழக்கமில்லை. அந்தப் பெண்கள் ஒன்றாகத் தங்கிப் பறையோடு கரகம், ஒயில், கும்மி, கோலாட்டம், சிலம்பம் என்று பல கலைகளைக் கற்றார்கள். பிழைப்புக்குத் தையலும் கற்றார்கள். மேடைக்கு முன் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதும் அவர்களேதான். இடது கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடுப்பை வளைத்து ஆடியபடியே அடிக்கும்போது, நின்ற இடத்தில் நின்று வாசிக்கும் எந்த வாத்தியக்காரரும் படாத பாடு உடம்புக்கு உண்டு.

அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் இந்தக் குழுவோடு பழகி, பறை கற்று, ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். அவரே டிரம்ஸ் வாசிக்கிறவர் என்பதால் குச்சி விழும் இடத்தை அறிந்து கேட்டிருக்கிறார். சக்தி குழுவின் சிறப்பு இன்னொன்றிலும் இருக்கிறது. மற்றக் குழுக்கள் மேடைக் கதவைத் தட்டின; இவர்களுக்கு ஊருக்குள் நடந்துபோகிற தெருவே மூடியிருந்தது. எந்தக் கருவியின் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே எடுத்துக்கொண்டு பொதுத்தெருவில் தலைநிமிர்ந்து அடித்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பெண்கள் பலர் இன்று ஊர் ஊராகப் பறைப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

பீகாரில் பாட்னாவை அடுத்த தானாப்பூர் வட்டாரத்துத் திப்ரா கிராமத்திலும் இதே போன்றது நடந்தது. சமூகப் பணியாளர் சுதா வர்கீஸின் தூண்டுதலில் தலித் விவசாயக் கூலிப் பெண்கள் சேர்ந்து பேண்டு வாத்தியம் கற்று, கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கக் கிளம்பினார்கள். தொடக்கத்தில் சிரித்த ஊரே பிறகு தேதி கேட்டு வந்தது. நாற்று நடும் கூலியோடு ஒப்பிட்டால் மேளத்தில் கிடைத்த கூலி பல மடங்கு. பெண்கள் குழுவின் வரலாற்றில் இந்தக் கூலிக் கணக்கைத் தவிர்க்கக்கூடாது. அது கலைஞரின் வயிற்றையும், வீட்டில் அவர் பேச்சுக்கு இருக்கும் எடையையும் தீர்மானிக்கிறது. இன்னொரு முனையில், 2021இல் துபாய் எக்ஸ்போவையொட்டி ஏ.ஆர். ரகுமான் வழிகாட்டுதலில் அரபு நாடுகளைச் சேர்ந்த சுமார் 50 பெண்களைக் கொண்ட ‘ஃபிர்தௌஸ்’ ஆர்கெஸ்ட்ரா அமைந்தது. அங்கே டிரம்பெட்டும் தாளக் கருவிகளும் பெண்கள் கையில். மிசிசிப்பிப் பேருந்தில் படுத்துறங்கிய ஸ்வீட்ஹார்ட்ஸ் குழுவின் டிராம்போன்காரர் கனவிலும் கண்டிராத வசதிகளோடு.

நம் திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு நாகசுரமும் தவிலும் அங்கே பாடம். பெண் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் பழக்கத்தில் பரதத்தையும் பாட்டையும் எழுதிக் கொடுக்கிறார்கள். மூச்சு வலுவுள்ள ஒரு பெண்ணை நாகசுரத்துக்கும், கைவேகமுள்ள ஒரு பெண்ணைத் தவிலுக்கும் இந்தச் சேவூரிலிருந்து அனுப்பலாம். நாலைந்து ஆண்டில் ஒரு பெரிய மேளத்துக்கு இந்த ஊரிலேயே ஆள் இருக்கும்.

ஆரணி வட்டாரக் கோயில் திருவிழா நோட்டீஸ்களில் உபயதாரர் பெயர்கள் வரிசையாக இருக்கும். மேளத்துக்கு ‘மங்கல இசை’ என்ற சொல்லோடு சரி. நாகசுரம் இன்னார், தவில் இன்னார், ஒத்து இன்னார், தாளம் இன்னார் என்று போட நாலு வரி போதும். ஆணாயினும் பெண்ணாயினும் அந்த வரி அச்சில் ஏற வேண்டும். பெண்கள் மேளமோ பறைக்குழுவோ வரும் நாளில் அரை நிமிடத் துண்டுகளாகப் படம் பிடித்து அனுப்புவதோடு விடாமல், யாராவது ஒருவர் முழு வாசிப்பையும் பதிவு செய்து நூலகத்தில் கொடுத்து வைக்கலாம். வாசிக்கத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பெயர், ஊர், கருவி, கற்றுக்கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தம் வாயாலேயே சொல்லட்டும். பிறகு ஒத்தைச் சேர்த்துக்கொண்டு ஆலாபனையைத் தொடங்கலாம்.